கூழை இளக்கும் வேதியியல்: பாவுக் கஞ்சியிலிருந்து எண்ணெய்க் கிணறு வரை

நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே உள்ள படுகை அணையிலிருந்து ராஜவாய்க்கால் பிரிகிறது. அல்லாள இளைய நாயக்கர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்த வாய்க்கால் பரமத்திவேலூர் வட்டாரத்து வெற்றிலைக்கும் வாழைக்கும் கரும்புக்கும் தண்ணீர் கொடுக்கிறது. வாய்க்கால் பாயும் எல்லையைத் தாண்டினால் மேட்டு நிலம். அடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் வகைப் பழம்பாறை. எண்ணெயும் எரிவாயுவும் பெரும்பாலும் படிவுப் பாறைகளில் தேங்கும் என்பதால், இங்கே அவற்றைத் தேடி யாரும் துளையிடப் போவதில்லை. தமிழகத்தின் எண்ணெய்க் கிணறுகள் இதே ஆறு கடலைத் தொடும் கீழ்க்காவிரிப் படுகையில், குத்தாலம், நரிமணம், கோவில்களப்பால் பக்கம் இருக்கின்றன.

ஆனாலும் எண்ணெய்க் கிணற்று வேதியியலின் ஒரு பகுதியைப் புரிந்துகொள்வதற்கு இந்தச் சேலம்–நாமக்கல் சமவெளியைவிடப் பொருத்தமான இடம் அமைவது அரிது. குச்சிக்கிழங்கை அரைத்து மாவும் ஜவ்வரிசியும் ஆக்கும் சேகோ ஆலைகள் இங்கே உண்டு. அந்த மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பாவு நூலில் ஏற்றும் சைசிங் ஆலைகள் பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் உண்டு. நெய்து முடிந்த துணியிலிருந்து அதே கஞ்சியைக் கழற்றி எடுக்கும் பதனிடு ஆலைகள் ஆற்றுக்கு அக்கரையில், ஈரோட்டில் உண்டு. ஒரு வேலைக்காகக் கெட்டியாக்கி, வேலை முடிந்ததும் இளக்கி வெளியேற்றுவது இங்கே தலைமுறைத் தொழில். நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறையும் இதே கெட்டியாக்கல், இளக்கல் என்னும் இரண்டு செயல்களின் மேல்தான் நிற்கிறது. இளக்கும் பொருளுக்கு அந்தத் தொழிலில் ‘பிரேக்கர்’ என்று பெயர்.

இந்த நீரியல் விரிசல் முறை பற்றித் தமிழில் பத்தாண்டுகளுக்கு மேலாக நிறைய எழுதப்பட்டுள்ளது. பாறையைப் பிளக்கும் அழுத்தம், செலவாகும் தண்ணீர், நிலத்தடி நீர் கெடும் அபாயம் எல்லாம் பேசப்பட்டுவிட்டன. பிரேக்கர் மட்டும் ‘மற்ற வேதிப்பொருள்கள்’ என்ற வரிக்குள் மறைந்து போகிறது. இந்த முறையின் சரிபாதியே பிரேக்கர்தான் என்பதும், அதன் வரலாற்றைத் தொடர்ந்து போனால்தான் கிணற்றிலிருந்து திரும்பி வரும் கழிவுநீரின் தன்மை விளங்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

துணியிலிருந்து தொடக்கம்

பாவு நூலுக்குக் கஞ்சி போடாவிட்டால் தறியின் உராய்வில் இழைகள் பிசிறடித்து அறுந்துவிடும். கஞ்சியோடு இருக்கும் துணி சாயத்தை ஒழுங்காக ஏற்காது. ஆகவே கஞ்சியை எடுத்தாக வேண்டும். ஆனால் மாவுச்சத்தின் மூலக்கூறு மிக நீளமானது. காய்ந்து நூலோடு ஒட்டிக்கொண்டபின் வெறும் தண்ணீரில் கரைந்து வராது. அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டினால்தான் வரும்.

இப்படி வெட்டும் பொருள் ஒன்று முளைகட்டிய பார்லியில் இருப்பதை 1833இல் பிரான்சில் பாயனும் பெர்சோவும் பிரித்துக் காட்டி, டயஸ்டேஸ் என்று பெயரிட்டார்கள். தனித்துப் பிரித்தெடுக்கப்பட்ட முதல் நொதி அது. துணி ஆலைகள் முளைப் பார்லிச் சாற்றைக் கஞ்சி நீக்கப் பயன்படுத்தத் தொடங்கின. 1894இல் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வேதியியலாளர் தகாமினே ஜோகிச்சி, பூஞ்சையிலிருந்து இதே நொதியை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1917இல் புவாதேனும் எஃப்ரோனும் பாக்டீரியாவிலிருந்து எடுத்தார்கள். பாக்டீரிய நொதி வெப்பம் தாங்கும். கொதிநீரை ஒட்டிய சூட்டில் வேலை செய்யும் துணித் தொட்டிகளுக்கு அது வரப்பிரசாதம்.

நொதிக்கு மாற்றாக ஆக்சிஜனேற்றிகளும் வந்தன. அம்மோனியம் பெர்சல்பேட், சோடியம் பெர்சல்பேட் போன்ற உப்புகள் சூடேறும்போது சல்பேட் தனி உறுப்புகளாகப் பிரியும். அந்த உறுப்புகள் எதிர்ப்பட்ட சங்கிலியை எல்லாம் அறுக்கும். நொதிக்கு இலக்கு தெரியும். மாவுச்சத்தை வெட்டும் நொதி பருத்தியைத் தொடாது. பெர்சல்பேட்டுக்கு அந்தத் தேர்வு கிடையாது. அளவு மீறினால் துணியின் செல்லுலோஸும் அறுபட்டு நைந்துபோகும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவோம். அங்கேயும் இதே இரண்டு குடும்பங்கள்தான்.

1947: பிளப்பும் இளக்கமும் ஒன்றாக

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹியூகோட்டன் எரிவாயு வயல். அங்கே கிளெப்பர் எண் 1 என்ற கிணற்றில் 1947இல் ஸ்டானோலிண்ட் நிறுவனம் முதல் சோதனையைச் செய்தது. அழுத்தத்துக்கும் பாறை பிளப்பதற்கும் உள்ள உறவைக் கவனித்து வழிகாட்டியவர் அந்நிறுவனத்தின் ஃபிளாய்ட் ஃபாரிஸ். சுமார் 2,400 அடி ஆழத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள் ஏறத்தாழ 1,000 கேலன் கெட்டியாக்கிய பெட்ரோல் செலுத்தப்பட்டது. கெட்டியாக்கிய பொருள் நாபாம். போரில் நெருப்புக் குண்டுக்குப் பயன்பட்ட அதே சோப்புக் கூழ். அதன் பின்னாலேயே கூழை இளக்கும் திரவமும் போயிற்று.

அந்தக் கிணற்றின் உற்பத்தி குறிப்பிடும்படி உயரவில்லை. ஆனால் முறை நிலைத்தது. ஸ்டானோலிண்டின் ஜே. பி. கிளார்க் 1948இல் இதை அறிவியல் கூட்டத்தில் விளக்கியபோது இரண்டே படிகளாகத்தான் சொன்னார்: மணல் கலந்த கெட்டித் திரவத்தை அழுத்தத்தோடு செலுத்திப் பாறையைப் பிளப்பது முதல் படி, அத்திரவம் எளிதில் வெளியேறும்படி அதன் கெட்டித்தன்மையைக் குறைப்பது இரண்டாம் படி. பின்னாளில் எழுதப்பட்ட பல வரலாறுகள் முதல் படியை விரிவாகப் பேசிவிட்டு இரண்டாம் படியை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. மூல விளக்கத்தில் இரண்டுக்கும் சம இடம் இருந்தது என்பதை ஆய்வாளர்கள் அழுத்திச் சொல்ல வேண்டும்.

ஏன் சம இடம்? பிளந்த பாறை அழுத்தம் நின்றதும் மூடிக்கொள்ளும். மூடாமல் இருக்க இடையில் மணல் நிற்க வேண்டும். மணலைச் சுமந்து போகத் திரவம் கெட்டியாக இருக்க வேண்டும். போய்ச் சேர்ந்தபின் அதே கெட்டித்தன்மை மணலுக்கிடையே அடைத்துக்கொண்டால், பிளந்த வழியைத் தானே அடைத்ததாகும். கிணறு தோண்டியவருக்கு நட்டம் மட்டுமே மிஞ்சும். ஹாலிபர்ட்டன் நிறுவனம் உரிமம் பெற்று 1949 மார்ச் 17 அன்று ஒக்லஹோமாவிலும் டெக்சாசிலும் வணிக முறையில் இதைத் தொடங்கியது.

கொத்தவரையின் நுழைவு

பெட்ரோலைக் கெட்டியாக்கிக் கிணற்றில் இறக்குவது தீயோடு விளையாடுவது. 1953 முதல் தண்ணீர் அந்த இடத்துக்கு வரத் தொடங்கியது. தண்ணீரைக் கெட்டியாக்க என்ன செய்வது? முதலில் மாவுச்சத்து முயலப்பட்டது. பிறகு கொத்தவரைப் பிசின் வந்து பல பத்தாண்டுகளுக்கு ஆட்சி செய்தது.

நம் வீட்டுப் பொரியலில் வரும் அதே கொத்தவரங்காய்ச் செடிதான். முற்றிய விதையின் உள்பருப்பை அரைத்தால் கிடைக்கும் மாவு தண்ணீரில் ஊறி வழவழப்பான கூழாகும். மத்தியதரைக் கடல் நாடுகளின் கரோப் விதைப் பிசின் இரண்டாம் உலகப் போரில் கிடைக்காமல் போனபோது அமெரிக்கக் காகித, உணவு ஆலைகள் கொத்தவரைக்கு மாறின. அதே போர்க்காலத்தில் சேலத்திலும் இணையான ஒரு நிகழ்வு நடந்தது. மலேயாவிலிருந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோனதால், 1943இல் மாணிக்கம் செட்டியாரும் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் குச்சிக்கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். 1981இல் பதிவான சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வரை வளர்ந்த தொழிலின் வித்து அது. கடல்வழி அடைபட்டதால் இரண்டு பயிர்களின் தலைவிதி ஒரே சமயத்தில் மாறியிருக்கிறது.

கொத்தவரைப் பிசினின் மூலக்கூறு, மன்னோஸ் சர்க்கரைகள் வரிசையாகக் கோத்த நீண்ட முதுகெலும்பு. ஏறத்தாழ இரண்டு மன்னோஸுக்கு ஒன்றாகக் கேலக்டோஸ் கிளைகள் தொங்கும். 1,000 லிட்டர் நீருக்கு 2 முதல் 5 கிலோ போதும். 1960களில் போரேட் உப்பைச் சேர்த்து இந்தச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் உத்தி வந்தது. கூழ், கோலெடுத்துத் தூக்கினால் சேர்ந்து எழும் களியாயிற்று. மேலும் ஆழமான, சூடான கிணறுகளுக்கு டைட்டேனியம், சிர்கோனியம் சேர்மங்கள் வந்தன. போரேட் பிணைப்பு காரத்தன்மை குறைந்தால் தானே அவிழும். உலோகப் பிணைப்புகள் அப்படி எளிதில் அவிழ்வதில்லை. கெட்டியாக்கும் கலை வளர வளர இளக்கும் வேலை கடினமாயிற்று.

எப்போது உடைய வேண்டும்?

பிரேக்கரின் முதன்மைச் சிக்கல் நேரம். திரவம் தரையிலிருந்து கிளம்பி, குழாய் வழியே இறங்கி, பிளவுக்குள் மணலோடு பரவி முடிய மணிக்கணக்கில் ஆகலாம். அதற்கு முன் உடைந்தால் மணல் குழாயடியிலேயே இறங்கி வேலை நின்றுவிடும். உடையாமலே போனால் கிணறு அடைபடும்.

பெர்சல்பேட்டுக்கு வெப்பம்தான் கடிகாரம். சுமார் 50 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது சோம்பிக் கிடக்கும்; தூண்டுவதற்கு அமீன் வகைப் பொருள் ஒன்றைச் சேர்க்க வேண்டும். 80, 90 டிகிரியைத் தாண்டினால் அவசரப்பட்டுச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி சூடு கூடும் என்பதால், கிணற்றின் ஆழமே எந்த பிரேக்கர் என்பதைத் தீர்மானித்தது. ஆழம் குறைந்த, குளிர்ந்த அடுக்குகளுக்கு நொதி. மேற்கு வங்கத்து ராணிகஞ்ச் போன்ற நிலக்கரி மீத்தேன் கிணறுகள் ஆழம் குறைந்தவை. இவ்வகை அடுக்குகளில்தான் குறைந்த சூட்டில் இளக்கும் பொருள்கள் தேவைப்படுகின்றன.

நொதிக்கும் ஒரு முரண்பாடு இருந்தது. தொடக்கத்தில் பயன்பட்ட ஹெமிசெல்லுலேஸ் கலவைகள் அமிலத்தன்மை அல்லது நடுநிலையில், 60 டிகிரிக்கு உட்பட்டு நன்றாக வேலை செய்பவை. போரேட் கூழ் நிற்பதோ காரத்தில். ஒன்றுக்கு ஏற்ற சூழல் மற்றதற்கு ஆகாது. காரத்தையும் சூட்டையும் தாங்கும் மன்னனேஸ் நொதிகளைத் தேடும் முயற்சி இதிலிருந்தே பிறந்தது. 1990களின் தொடக்கத்தில் கொத்தவரைச் சங்கிலியின் குறிப்பிட்ட பிணைப்புகளை மட்டும் வெட்டும் நொதிக் கலவைகளுக்குக் காப்புரிமைகள் பதிவாயின. கண்ட இடத்தில் அறுக்காமல், சர்க்கரைக் கண்ணிகளின் இணைப்பில் கைவைக்கும் இந்தத் துல்லியம், துணி ஆலை நொதியிடம் நாம் கண்ட அதே குணம்.

எஞ்சியது எங்கே?

1980களில் ஆய்வுக்கூடங்கள் வேறொரு கேள்வியை எழுப்பின. இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமான திருப்பம் இது என்பது என் கணிப்பு. அதுவரை, கிணற்றிலிருந்து திரும்பும் திரவம் தண்ணீர்போல் ஓடினால் பிரேக்கர் வெற்றி என்று கருதினார்கள். மணல் அடுக்கினூடே எவ்வளவு திரவம் பாய்கிறது என்று அளந்தபோது, மணலின் இயல்பான பாய்திறனில் பெரும்பகுதி காணாமல் போயிருந்தது.

காரணம் எளிது; கண்டுபிடிக்கத்தான் நாற்பது ஆண்டுகள் ஆயின. பிளவுக்குள் அழுத்தப்படும் திரவத்தின் நீர் பாறைத் துளைகளுக்குள் கசிந்துவிடும். பிசினின் மூலக்கூறு பெரியது, துளைக்குள் நுழையாது. பிளவின் சுவரில் வடிகட்டிய சக்கைபோல் படிந்து, போட்ட அளவைப் போலப் பல மடங்கு அடர்த்தியாகிவிடும். நீரில் கரைந்த பெர்சல்பேட்டோ கசியும் நீரோடு பாறைக்குள் போய்விடும். இளக்க வேண்டிய பொருள் ஓரிடத்திலும் இளக்கும் பொருள் வேறிடத்திலுமாகப் பிரிந்துவிடுகின்றன. கூடவே, கொத்தவரை மாவில் எந்த பிரேக்கருக்கும் கரையாத நார்ச்சக்கை நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு வரை இருந்தது. ஹைட்ராக்சிபுரோபைல் தொகுதியை ஏற்றி மாற்றியமைத்த பிசினில் அது வெகுவாகக் குறைந்தது.

தீர்வாக வந்தது உறையிட்ட பிரேக்கர். 1980களின் பிற்பகுதியில், பெர்சல்பேட் மணிகளுக்கு மேல் மெல்லிய உறை பூசினார்கள். மணி உருவில் இருப்பதால் பாறைத் துளைக்குள் போகாது; பிசின் படிவோடு பிளவிலேயே தங்கும். நீர் மெல்ல ஊடுருவியோ, பிளவு மூடும்போது மணலுக்கிடையே நசுங்கியோ உறை திறக்கும். இதனால் முன்பைவிடப் பல மடங்கு பிரேக்கரை அவசர உடைப்பு பற்றிய அச்சமின்றிப் போட முடிந்தது. நேரம், இடம் என்ற இரண்டு சிக்கல்களையும் ஒரே உறை தீர்த்தது. வேதிவினை பழையதுதான். பொருளைச் சேர வேண்டிய இடத்தில் சேர்த்ததே புதுமை.

கொத்தவரையின் விலையும் கூழற்ற நீரும்

1990களின் பிற்பகுதியில் இரு திசைகளில் விலகல் தொடங்கியது. பிசினே இல்லாமல், சோப்பு வகை மூலக்கூறுகளைக் கொண்டு கெட்டியாக்கிய திரவங்கள் வந்தன. கிணற்றின் எண்ணெய் பட்டதும் அவை தாமாகவே இளகும். மறுபுறம், டெக்சாசின் பார்னெட் களிப்பாறையில் மிட்செல் எனர்ஜி நிறுவனம் கூழைக் கைவிட்டு, உராய்வு குறைக்கும் பாலிஅக்ரிலமைடு சிறிதளவு கலந்த நீரை மிகுந்த வேகத்தில் செலுத்தி வெற்றி கண்டது. களிப்பாறை எரிவாயுப் பெருக்கம் அங்கிருந்து கிளம்பியது.

ஆனால் எண்ணெய் மிகுந்த அடுக்குகளுக்குக் கூழ் தேவைப்பட்டது. துளையிடும் வேகம் கூடக் கூடக் கொத்தவரைக்குத் தட்டுப்பாடு வந்தது. உலக விளைச்சலில் ஏறத்தாழ 80 விழுக்காடு இந்தியாவுடையது. அதிலும் பெரும்பகுதி ராஜஸ்தானின் மானாவாரி நிலங்களுடையது. விலை ஏறிய வேகத்தைப் பார்த்து 2012 மார்ச்சில் முன்பேரச் சந்தைகள் ஆணையம் கொத்தவரை முன்பேர வணிகத்தையே நிறுத்தியது; 2013 மே மாதம்தான் மீண்டும் அனுமதித்தது. 2012–13இல் கொத்தவரைப் பிசின் ஏற்றுமதி 21,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அந்த ராஜஸ்தானிலேயே, கொத்தவரை விளையும் பார்மேர் மாவட்டத்தில், ராகேஸ்வரி ஆழ்வாயு வயலின் எரிமலைப் பாறைகள் நீரழுத்தத்தால் பிளக்கப்படுகின்றன.

விலை அதிர்ச்சிக்குப் பின் வாங்குவோர் கூழின் அளவைக் குறைக்கவும் பாலிஅக்ரிலமைடுக்கு மாறவும் முனைந்தார்கள். பிரேக்கரின் தேவையும் அதோடு மாறியது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நம் பக்கத்து வழக்கு

நீரழுத்தத்தால் பாறையைத் திறப்பது சேலம், நாமக்கல் மக்களுக்கு அந்நியமல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் போர்வெல் போடுகின்றன. வறண்ட போர்களில் அடைபட்ட பாறைப் பிளவுகளை நீரழுத்தத்தால் திறக்கும் வேலையைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியமும் செய்துவருகிறது. ஆனால் அங்கே செலுத்தப்படுவது வெறும் தண்ணீர். கடினப் பாறையில் ஏற்கனவே உள்ள பிளவைக் கழுவித் திறப்பதால் மணலைச் சுமக்கும் கூழ் தேவையில்லை. கூழ் இல்லை என்பதால் பிரேக்கரும் இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதைக் காட்டி இரண்டையும் ஒரே தட்டில் வைத்து வாதாடுவது, எந்தத் தரப்பிலிருந்து வந்தாலும் ஏற்கத்தக்கதல்ல.

டெல்டாவின் கதை வேறு. மன்னார்குடி நிலக்கரி மீத்தேன் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று பேசிக்கொண்டிருந்த வேளையில்தான் 2013 டிசம்பர் 30 அன்று இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் மறைந்தார். 2017இல் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிரான நெடுவாசல் போராட்டம். 2020இல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், அதன் எல்லைக்குள் நிலக்கரி மீத்தேன், களிப்பாறை எரிவாயு உள்ளிட்டவற்றுக்கான புதிய ஆய்வையும் துளையிடலையும் எடுப்பையும் தடை செய்தது. அந்த விவாதங்களில் வேதிப்பொருள்களின் எண்ணிக்கை பெரிதாகப் பேசப்பட்டது. எண்ணிக்கையைவிட, உள்ளே போகும் பொருள் என்னவாகத் திரும்புகிறது என்ற கேள்வி பயனுள்ளது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

பெர்சல்பேட் வேலை முடிந்ததும் சல்பேட் உப்பாகிவிடும். செலுத்திய வடிவில் அது கைக்கும் மூச்சுக்கும் ஊறு செய்யும் என்பதால் அதைக் கையாளும் தொழிலாளியின் பாதுகாப்பு தனியே கவனிக்கப்பட வேண்டும். வெட்டுண்ட கொத்தவரையோ குட்டைச் சங்கிலிச் சர்க்கரையாகத் திரும்பி வருகிறது. பாக்டீரியாவுக்கு அது விருந்து. அதனால்தான் திரவத்தோடு நுண்ணுயிர்க்கொல்லியும் சேர்க்கிறார்கள். அதுவே சூழலுக்கு அதிகக் கவலை தரும் பொருள்களில் ஒன்று. திரும்பும் நீரில் பாறையின் உப்பும் கரைந்திருக்கும். அந்நீரைத் திறந்துவிட்டால் கரிமச் சுமை நீர்நிலையின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்.

இந்தக் கடைசிச் சிக்கலைச் சேலம் மாவட்டம் நன்றாக அறியும். சேகோ ஆலைக் கழிவுநீர் மாவுச்சத்து மிகுந்தது. ஓடைகளில் புளித்து நாறிய அந்நீரைப் பின்னர் மூடிய கலன்களில் காற்றில்லாமல் நொதிக்க வைத்து, எரிவாயு எடுத்து ஆலைக்கே எரிபொருளாக்கக் கற்றுக்கொண்டார்கள். கிணற்று நீரில் உப்பு அதிகம் என்பதால் அந்த வழி அப்படியே பொருந்தாது. ஆயினும் கரிமச் சுமையை அளந்து கையாண்ட அனுபவம் தமிழகத்தில் இருக்கிறது. இந்தியாவில் எங்கே கிணறு பிளக்கப்பட்டாலும் பிசின், பிரேக்கர், நுண்ணுயிர்க்கொல்லி மூன்றின் அளவும் திரும்பிய நீரின் ஆய்வு முடிவும் கிணறுவாரியாகப் பொதுவில் வைக்கப்பட வேண்டும் என்று கேட்பதற்கு அந்த அனுபவமே தகுதி தருகிறது.

இனி பாலிஅக்ரிலமைடு. அதன் முதுகெலும்பு சர்க்கரைக் கோவையல்ல. கார்பனோடு கார்பன் இணைந்த செயற்கைச் சங்கிலி. மாவுச்சத்துக்கு அமைலேஸும் கொத்தவரைக்கு மன்னனேஸும் இருப்பதுபோல், அதை வெட்டிக் கொடுக்கும் நொதி இத்தொழிலின் கையில் இல்லை. பெர்சல்பேட், பெராக்சைடு போன்ற ஆக்சிஜனேற்றிகளே மறுபடி முன்னுக்கு வந்துள்ளன. விசைத்தறியிலும் இதே மாற்றம் நேர்ந்திருக்கிறது. செயற்கை இழை கலந்த நூல்களுக்கு மாவுக் கஞ்சியோடு பாலிவினைல் ஆல்கஹால் சேர்ந்தபோது, அதன் மேல் அமைலேஸ் செல்லுபடியாகவில்லை. சுடுநீரில் கழுவித்தான் எடுக்க வேண்டும். கழுவிய நீரோடு பெருமளவு உடையாமலேயே கழிவுத் தொட்டிக்குப் போகும் அந்தப் பொருளை, மாவுச்சத்தைச் செரித்த அதே நுண்ணுயிர்கள் அவ்வளவு எளிதில் தொடுவதில்லை.